மாட்டைப் பார்க்கிற சவாரி

எந்தக் குதிரையிடம் போனாலும் முதலில் அதன் முதுகில்தான் கை வைப்பேன். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், டாம்வொர்த் என்ற ஊரைச் சுற்றிக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். ஊரை ஒட்டிய பகுதிகளில் இருப்பவை பொழுதுபோக்குக்குச் சவாரி செய்கிறவர்களின் குதிரைகள். வடக்கே குவீன்ஸ்லாந்தை நோக்கிப் போகப் போக, மாட்டுப் பண்ணைகளில் நாள் முழுக்க வேலை செய்யும் குதிரைகள். இரண்டு பக்கமும் அதிகம் பார்ப்பது ஒரே இனத்தைத்தான். ஆஸ்திரேலியன் ஸ்டாக் ஹார்ஸ் என்பார்கள். அளவான உயரம், குறுகிய வலுவான முதுகு, நிதானமான கண். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தாலே எது யாருடைய குதிரை என்று சொல்லிவிட முடியும்.

பண்ணைக் குதிரையின் விலாவில் கை வைத்தால் எலும்பு விரலுக்குத் தட்டும். முதுகுத்தசை இறுகி இருக்கும். சேணம் உராய்ந்த இடத்தில் இரண்டொரு வெள்ளை முடிக்கற்றை இருக்கும். பழைய புண் ஆறிய தடம் அது. ஊர்க்குதிரையின் தோல் பட்டுப்போல வழுக்கும், பிடரி மயிரைச் சீவியிருப்பார்கள். பிடரிக்கு அடியில் கழுத்தை அழுத்தினால் கெட்டியான கொழுப்பு கைக்கு அகப்படும். இரண்டு குதிரைகளையும் உரிமையாளர்கள் அக்கறையோடுதான் வளர்க்கிறார்கள். அக்கறை காட்டும் விதம்தான் வேறு வேறு. இத்தனை வருடங்களில் எனக்குப் பிடிபட்ட ஒரு காரணம் உண்டு. பண்ணைக்காரர் குதிரை மேல் உட்கார்ந்து மாட்டைப் பார்க்கிறார். பொழுதுபோக்குச் சவாரிக்காரர் குதிரையைப் பார்க்கிறார். மற்ற வித்தியாசங்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

வட குவீன்ஸ்லாந்துப் பண்ணைகளை இங்கே ‘ஸ்டேஷன்’ என்கிறார்கள். ஒரு ஸ்டேஷன் நம் ஊர்த் தாலுகாவைவிடப் பெரிதாக இருப்பது சர்வசாதாரணம். மாடுகள் பரந்த வனாந்தரத்தில் தாமாகவே மேய்ந்து திரியும். வருடத்துக்கு ஓரிரு முறை அவற்றைத் திரட்டிப் பட்டிக்குக் கொண்டு வர வேண்டும். கன்றுகளுக்குச் சூடு போடுவது, தாயிடமிருந்து பிரிப்பது, விற்பனைக்கு உரியவற்றைத் தனியாக்குவது எல்லாம் அப்போதுதான் நடக்கும். மாடுகளின் சினையைச் சோதிக்க என்னை அழைப்பதும் அந்த நாட்களில்தான். திரட்டுவதற்கு ‘மஸ்டரிங்’ என்று பெயர். அந்த வேலை செய்கிற ஆண்களையும் பெண்களையும் ‘ரிங்கர்’ என்று கூப்பிடுவார்கள்.

இவர்களுடைய சேணத்தைப் பார்த்தாலே வேலை என்னவென்று விளங்கிவிடும். ஆழமான இருக்கை, முன்பக்கம் தொடையை அணைத்துப் பிடிக்க இரண்டு தோல் திண்டுகள். அமெரிக்கக் கௌபாய் சேணத்தில் இருக்கும் கொம்பு இதில் இல்லை. கயிறு வீசி மாட்டைப் பிடித்து அந்தக் கொம்பில் கட்டுவது அங்கத்திய வழக்கம். இங்கே மாட்டை ஓட்டியே பட்டியில் அடைத்துவிடுகிறார்கள். அங்கவடியை நீளமாக விட்டிருப்பதால் கால் மடங்காமல் தொங்கும். பத்து மணி நேரம் உட்கார வேண்டிய முழங்காலுக்கு அது அவசியம். கடிவாளம் ஒற்றைக் கையில், அதுவும் தொய்வாக. இன்னொரு கையில் பெரும்பாலும் கங்காருத் தோலில் பின்னிய சாட்டை. அதை மாட்டின் மேல் வீசுவதில்லை; காற்றில் சொடுக்குவார்கள். நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது துப்பாக்கி வெடித்ததுபோலச் சத்தம் கேட்கும். மந்தைக்கு அந்தச் சத்தமே போதும்.

சினிமா பார்த்தவர்கள் நாலுகால் பாய்ச்சலை எதிர்பார்ப்பார்கள். நிஜத்தில் ரிங்கரின் நாள் முக்கால்வாசி நடையிலேயே கழியும். பாய்ந்தால் மாடு மிரளும். மிரண்ட மாடு உடல் இளைக்கும், வேலி முறிக்கும், அடுத்த முறை மனிதனைக் கண்டதுமே ஓடும். எடை குறைந்தால் விலையும் குறையும் என்பதால் நல்ல பண்ணைகளில் வேகத்தைத் திறமையாக யாரும் எண்ணுவதில்லை.

ஒரு மாட்டை மந்தையிலிருந்து பிரிக்கிற காட்சியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். முந்நூறு மாடுகள் புழுதியில் நெருக்கி நிற்கின்றன. அவற்றில் ஒரு செவலைப் பசுவை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். ரிங்கர் மந்தைக்குள் குதிரையை மெதுவாக நடத்திக்கொண்டு போகிறார். ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் இருக்கிறது. அதற்குள் நுழைந்தால் மாடு விலகும், வெளியே நின்றால் நம்மைக் கண்டுகொள்ளாது. தோள்பட்டைதான் திருப்புமுனை. தோளுக்குப் பின்னாலிருந்து அணுகினால் முன்னே நடக்கும். தோளுக்கு முன்னால் வந்தால் நிற்கும் அல்லது திரும்பும். செவலையின் தோளுக்கு ஒரு முழம் பின்னால் குதிரையின் மூக்கு வருகிறது. பசு ஒரு அடி எடுத்து வைக்கிறது, குதிரையும் ஒரு அடி. பசு திடீரென்று இடப்பக்கம் திரும்பி மந்தைக்குள் நுழையப் பார்க்கிறது. ரிங்கர் கடிவாளத்தை அசைக்கவே இல்லை. குதிரை தானாகவே பின்னங்கால்களில் எடையை வாங்கி, முன்னங்கால்களைத் தூக்கிச் சுழன்று, பசுவின் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. அதன் இரண்டு காதும் பசுவை நோக்கியே இருக்கின்றன.

காதுகளைச் சொல்கிறேனே, அதற்குக் காரணம் இருக்கிறது. குதிரையின் கவனம் எங்கே என்பதைக் காது காட்டிக்கொடுத்துவிடும். வேலை தெரிந்த பண்ணைக் குதிரையின் காது மாட்டின் மேல் இருக்கும். ஏன் நிற்கச் சொல்கிறார்கள், ஏன் திரும்பச் சொல்கிறார்கள் என்று அது குழம்புவதில்லை. காரணம் கண்ணெதிரே நாலு காலில் நிற்கிறது. சவாரிப் பள்ளியின் மணல் திடலில் அப்படி எதுவும் இல்லை. டிரெஸாஜ் எனப்படும் நளினச் சவாரிக்கு 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் திடல். ஓரங்களில் எழுத்துப் பலகைகள். இந்த எழுத்திலிருந்து அந்த எழுத்து வரை டிராட் எனும் துள்ளுநடை, அங்கே ஒரு வட்டம், இங்கே ஒரு நிறுத்தம். குதிரைக்கு அந்த எழுத்துகளால் ஆவது ஒன்றுமில்லை. அதன் காது முழுக்க மேலே உட்கார்ந்திருப்பவர் மீதுதான் இருக்கும். சவாரிக்காரரின் இடுப்பு எப்படி அசைகிறது, விரல் எவ்வளவு இறுகுகிறது என்று நுணுக்கமாகக் கேட்கப் பழகுகிறது. இதுவும் பெரிய கலை. ஒரு விரலின் அழுத்தத்தைக்கூடப் புரிந்துகொள்ளும் குதிரையைப் பண்ணையில் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பொழுதுபோக்குச் சவாரிக்காரர்களைக் குறைவாகப் பேசும் வழக்கம் பண்ணைப் பக்கத்தில் உண்டு. எனக்கு அது பிடிக்காது. 1939இல் சிட்னி அருகே இங்கிள்பர்னில் ஆரம்பித்த முதல் போனி கிளப்பிலிருந்து இன்றுவரை, பண்ணை நிலம் இல்லாத எத்தனையோ குழந்தைகள் குதிரையை அறிந்தது இத்தகைய கிளப்புகளால்தான். சேணம் முதுகுக்குப் பொருந்துகிறதா என்று ஆள் வைத்துப் பார்ப்பவர்கள் இவர்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆளை வரவழைக்கிறார்கள். வருடந்தோறும் பல் அராவச் சொல்லி எனக்கு நினைவூட்டுவதும் இவர்களே. தலைக்கவசம் இல்லாமல் குதிரை அருகே குழந்தையை விடமாட்டார்கள். பண்ணையில் பல காலமாக அகன்ற தொப்பிதான். பெரிய நிறுவனங்கள் இப்போதுதான் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கி வருகின்றன. தலையில் அடிபட்ட ரிங்கர்களைப் பார்த்தவள் என்ற முறையில், இந்த ஒன்றிலாவது ஊர் சொல்வதைப் பண்ணை முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பேன்.

ஊர்க்குதிரைகளிடம் எனக்கு வருத்தம் தருவது வேறு. லாமினைட்டிஸ் எனும் குளம்பு நோய்க்காக என்னை அழைக்கும் வீடுகளில் பெரும்பாலானவை அன்பு மிகுந்த வீடுகள். குதிரையின் குளம்புக்குள் ஓர் எலும்பு இருக்கிறது. ஆயிரக்கணக்கான மெல்லிய சதை மடிப்புகள் அந்த எலும்பைக் குளம்பின் உட்சுவரோடு பிணைத்துத் தாங்குகின்றன. ஐந்நூறு கிலோ உடம்பு நிற்பது இந்தப் பிணைப்பை நம்பித்தான். சர்க்கரை மிகுந்த செழும்புல்லையும் தானியத்தையும் தின்று, ஓட்டமும் இல்லாமல் கொழுத்தால் இரத்தத்தில் இன்சுலின் ஏறுகிறது. அது ஏறும்போது மடிப்புகள் பலவீனப்பட்டு நெகிழ்கின்றன. முற்றினால் எலும்பு கீழ்நோக்கித் திரும்பி உள்ளங்காலை அழுத்தும். எடையில் பெரும்பங்கை முன்னங்கால்கள் சுமப்பதால் வலி அங்கேதான் கடுமை. அப்படிப்பட்ட குதிரை முன்னங்கால்களை நீட்டி, பின்னங்கால்களில் சாய்ந்து நிற்கும். குளம்புக்கு மேலே விரல் வைத்தால் நாடி தெறிக்கும்.

உரிமையாளர் கையில் கேரட்டோடு அழுதுகொண்டிருப்பார். “கொஞ்சம் அதிகமாகத் தின்னக் கொடுத்ததால் இப்படி ஆகுமா?” என்று கேட்பார். ஆகும் என்று சொல்வது எளிதாக இல்லை. வாரம் முழுக்க அலுவலகம். சனிக்கிழமை ஒரு மணி நேரச் சவாரி. மற்ற நாட்களில் பார்க்க வர முடியாத குறையை வாளி நிறையத் தீவனமாகக் கொடுத்து ஈடுகட்டுகிறார்கள்.

தனிமை இன்னொரு துன்பம். ஊர்க்காரர்கள் பலருக்குச் சொந்த நிலம் கிடையாது. ‘அஜிஸ்ட்மென்ட்’ என்று மாத வாடகைக்கு மேய்ச்சல் இடம் எடுத்திருப்பார்கள். அங்கே குதிரைகள் கடித்துக்கொள்ளக் கூடாது, விலையுயர்ந்த போர்வை கிழியக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலி. குதிரை கூட்டத்தில் வாழப் பிறந்த விலங்கு; விட்டால் நாளில் பதினாறு மணி நேரம்கூட நடந்து மேயும். அதன் வயிற்றில் அமிலம் இடைவிடாமல் சுரந்தபடி இருக்கும். தீனி இல்லாத நேரத்திலும் சுரக்கும். தனியாக, இரண்டு வேளைத் தீவனத்தோடு நிற்கும் குதிரைக்கு வயிற்றுப்புண் வருவதும், மரக்கட்டையைக் கவ்விக் காற்றை விழுங்கும் பழக்கம் தொற்றுவதும் இதனால்தான்.

ஸ்டேஷனில் ஒரு ரிங்கருக்கு நாலைந்து குதிரைகள் கொடுப்பார்கள். இன்று வேலை செய்த குதிரைக்கு அடுத்த சில நாட்கள் ஓய்வு. டிசம்பர் வாக்கில் மழைக்காலம் தொடங்கியதும் சேணத்தைக் கழற்றி, எல்லாக் குதிரைகளையும் ஒன்றாகப் பெரிய மேய்ச்சல் வெளியில் விட்டுவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு மனிதர் தொந்தரவே இல்லை. அவை தங்களுக்குள் தலைவியைத் தேர்ந்துகொள்ளும், வாலால் ஒன்றுக்கொன்று ஈ விரட்டும், ஆற்றங்கரையில் புரளும். ரிங்கர் தன் குதிரையைக் கொஞ்சுவதை அதிகம் பார்க்க முடியாது. பெயர்கூட ‘செவலை’, ‘நாலாம் நம்பர்’ என்கிற அளவில்தான் இருக்கும். ஆனால் ஒரு குதிரைக்கு வேண்டிய வாழ்க்கை இந்தச் சொற்பப் பேச்சுக்காரர்களிடம் கிடைத்துவிடுகிறது. எனக்கு ஒரு ஆசை உண்டென்றால், ஊர்க்காரரின் கவனமும் பண்ணைக் குதிரையின் கூட்டமும் ஒரே குதிரைக்கு வாய்க்க வேண்டும் என்பதுதான்.

பண்ணைச் சவாரி என்றதும் வெள்ளைக்காரரின் முகமே பலர் மனத்தில் வரும். ஆனால் வட ஆஸ்திரேலியாவின் மாட்டுத் தொழிலைத் தோளில் சுமந்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். தண்ணீர் எங்கே, மாடு எந்தப் பள்ளத்தில் ஒதுங்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். சவாரியிலும் பேர் பெற்றவர்கள். கூலியாகக் கிடைத்ததோ பெரும்பாலும் மாவு, சர்க்கரை, தேயிலை, கொஞ்சம் இறைச்சி. 1966 ஆகஸ்டில் வேவ் ஹில் ஸ்டேஷனில் குரிண்ஜி மக்கள் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் வேலையை விட்டு வெளியேறினார்கள். பிரிட்டனின் வெஸ்டி நிறுவனத்திடம் இருந்த பண்ணை அது. கூலிக்காகத் தொடங்கியதாகத் தெரிந்த போராட்டம் நிலத்துக்கான போராட்டமாக ஒன்பது ஆண்டு நீடித்தது. 1975இல் பிரதமர் கஃப் விட்லம் நேரில் வந்து, லிங்கியாரியின் உள்ளங்கையில் ஒரு பிடி மண்ணைக் கொட்டி நிலத்தை ஒப்படைத்தார். பூர்வகுடித் தொழிலாளிகளுக்குச் சமக் கூலி 1968 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததும், பல முதலாளிகள் அவர்களை வேலையிலிருந்தே நீக்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் போகும் ஸ்டேஷன்களில் மாட்டைப் படிக்கத் தெரிந்த முதியவர்களைச் சந்திக்கிறபோது, இந்தக் கணக்கு தீரவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இந்தப் பண்ணைக் குதிரைகளுக்கு நம் ஊரோடும் பழைய தொடர்பு இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் பண்ணைகளில் மாடு ஓட்டப் பழகிய குதிரைகளை 19ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேற்றிச் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் அனுப்பினார்கள். மாநிலத்தின் பெயரிலிருந்தே அவற்றுக்கு ‘வேலர்’ என்ற பெயர் வந்தது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் குதிரைப்படையில் அவற்றுக்குத் தனி மவுசு. ஓசூரை அடுத்த மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணையாக இருக்கும் இடம் ஒரு காலத்தில் ராணுவக் குதிரை டிப்போ. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த நாட்களில் மாடுகள் பார்க்க அங்கே போயிருக்கிறேன். அந்தக் கொட்டகைகளுக்கு வந்து சேர்ந்த குதிரைகளின் வம்சத்தைப் பிற்காலத்தில் தொட்டு வைத்தியம் பார்ப்பேன் என்று அப்போது தெரியாது. முதல் உலகப் போருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து 1,20,000க்கும் அதிகமான குதிரைகள் போயின. நாடு திரும்பியது ஒன்றே ஒன்று: கலிப்போலியில் காயம்பட்டு இறந்த தளபதி பிரிட்ஜஸின் குதிரை சாண்டி.

குதிரையைப் பழக்கும் முறையில் பண்ணைக்கும் ஊருக்கும் இருந்த தூரம் இப்போது குறைந்துவிட்டது. கட்டி வைத்து, களைக்கும் வரை துள்ளவிட்டு, எதிர்ப்பை முறிப்பதே பண்ணைகளில் பழைய வழக்கம். ஒரு மஸ்டரிங் பருவத்துக்கு நாற்பது குதிரை வேண்டும் என்றால் பொறுமைக்கு நேரம் ஏது? அந்தக் கொடுமையைக் கேள்வி கேட்டவர்கள் பண்ணைக்காரர்களிலிருந்தே வந்தார்கள். ஆஸ்திரேலியாவில் கெல் ஜெஃப்ரி, குதிரையை அணுகுவதும் அது பயப்படும் முன் விலகுவதுமாக ஒரு மென்மையான முறையை உருவாக்கினார். அமெரிக்காவில் டாம் டொரன்ஸும் ரே ஹன்ட்டும், மாடு மேய்த்தே வாழ்ந்தவர்கள், குதிரையின் மனநிலையிலிருந்து யோசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ரே ஹன்ட்டின் நூல் 1978இல் வந்தது. இன்று ஊர்ச் சவாரிக்காரர்கள் பணம் கட்டிப் படிக்கும் வகுப்புகளில் கணிசமானவற்றின் வேர் இவர்களிடம்தான்.

வேலையிலிருந்து விளையாட்டும் பிறந்தது. 1970களிலிருந்து பெரிய ஸ்டேஷன்களில் ஹெலிகாப்டர் மஸ்டரிங் பரவி, மோட்டார் சைக்கிளும் சேர்ந்துகொள்ள, குதிரைக்கு வேலை சுருங்கியது. மேடுபள்ளக் காட்டிலும், பட்டிக்குள்ளும், பால்குடி மறந்த கன்றுகளை ஓட்டப் பழக்கும்போதும் மட்டும் இன்றும் குதிரைதான் வேண்டும். ஆனால் மாட்டைப் பிரித்து ஓட்டும் கேம்ப்டிராஃப்டிங் போட்டி ஒவ்வொரு வார இறுதியிலும் எங்காவது நடக்கிறது. 1885இல் டென்டர்ஃபீல்டு கண்காட்சியில் தொடங்கியதாகச் சொல்லும் இந்தப் போட்டியில் நூறு மதிப்பெண். மந்தையிலிருந்து மாட்டைப் பிரித்தெடுக்க 26, வெளியில் அதைக் கட்டுப்படுத்தி ஓட்டும் குதிரையின் திறனுக்கு 70, கம்பங்களைச் சுற்றி வந்து முடிக்க 4. கம்பம் சுற்றுவதற்கு எவ்வளவு குறைந்த மதிப்பெண் பாருங்கள். மாட்டை வாசித்த விதத்துக்கே மதிப்பு. அந்த மைதானத்தில் முழுநேர ரிங்கரும் பள்ளி ஆசிரியையும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

போட்டிக்கு வெளியே இரண்டு உலகமும் கலப்பதையும் பார்க்கிறேன். இப்போது ஸ்டேஷன்களில் ரிங்கராக வருகிறவர்களில் பெண்கள் நிறைய. அவர்களில் பலர் நகரத்துப் போனி கிளப்பில் சவாரி கற்றவர்கள். அப்படி வந்த ஒரு இளம்பெண்ணைச் சினைச் சோதனைக்குப் போன இடத்தில் பார்த்தேன். நிமிர்ந்த முதுகு, அழகான கை. ஆனால் மாடு ஒவ்வொரு முறையும் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் பார்வை குதிரையின் கழுத்திலேயே இருந்தது. தலைமை ரிங்கர் வேலியோரம் வந்து, “குதிரையை விடு, அது பார்த்துக்கொள்ளும். நீ மாட்டின் தோளைப் பார்” என்றார். ஒரு வாரம் கழித்து அதே பட்டியில் அவளைப் பார்த்தபோது கடிவாளம் தொய்ந்திருந்தது, மாடு நின்றது. ஆனால் அவளிடமிருந்து ரிங்கர்களும் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் சேணம் இறக்கியதும் ஒவ்வொரு குதிரையின் முதுகிலும் உள்ளங்கையை ஓட்டி, சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கத்தை அவள் கொண்டு வந்திருந்தாள். இரண்டு பேர் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

குளம்பு நோயிலிருந்து மீண்ட ஊர்க்குதிரைகளின் உரிமையாளர்களிடம், உணவைக் குறைக்கச் சொல்வதோடு இன்னொன்றும் சொல்கிறேன். எல்லா வேலியையும் எடுக்க முடியாவிட்டாலும், ஒத்துப்போகிற ஒரு துணையோடு சேர்த்து விடுங்கள். கால் முழுக்கத் தேறியதும், பக்கத்தில் மாடு வைத்திருக்கும் யாரிடமாவது போய், கன்று பிரிக்கும் பருவத்தில் ஓட்டிப் பழக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். பிரித்த கன்றுகளைத் தினமும் பட்டியிலிருந்து மெதுவாக வெளியே நடத்திப்போய் மேய்த்துத் திருப்பிக் கொண்டு வருவது நடைவேகத்தில் நடக்கிற வேலை; புதியவர்கள் கற்றுக்கொள்ள ஏற்றது. டாம்வொர்த் பக்கத்தில் அந்தப் பருவத்தில் ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. கூலி எதிர்பார்க்க வேண்டாம், மதியச் சாப்பாடு பண்ணைக்காரர் வீட்டில். தலைக்கவசத்தை மட்டும் கழற்றிவிடாதீர்கள். யாரும் போடவில்லை என்றாலும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.